பழைய தேதி போட்ட வெள்ளி டாலர்

ஒரு கடைக் கணக்கில் பழைய தேதி போட்ட பில் ஒன்று இருந்தால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார். ஒரு அரசாங்கமே பழைய தேதி போட்டு நாணயம் அடித்தால்? அதைக் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது!

அமெரிக்காவின் 1804 வெள்ளி டாலரின் கதை இதுதான். நாணயங்களின் ராஜா என்று சேகரிப்பாளர்கள் கொண்டாடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், 1804ல் இது ஒன்றுகூட அடிக்கப்படவில்லை.

அந்த வருடம் 19,570 வெள்ளி டாலர்கள் அடித்ததாக பிலடெல்பியா நாணயச்சாலையின் கணக்கு சொல்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் பழைய அச்சு தேயும் வரை அதையே உபயோகிப்பது வழக்கம். அதனால் அவற்றில் இருந்தது முந்தைய வருடங்கள்தான். டாலர்கள் வெளிநாடுகளுக்குப் போய்க்கொண்டே இருந்ததால் அத்தோடு அடிப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

முப்பது வருடம் கழித்து, 1834ல், சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசளிக்க நாணயத் தொகுப்புகள் தேவைப்பட்டன. கணக்கைப் புரட்டியபோது டாலர் அடித்த கடைசி வருடம் 1804 என்று இருந்தது. அதையே பொறித்துப் புது அச்சு செய்தார்கள். அப்படி அடித்ததில் இன்று தெரிய வந்திருப்பவை எட்டு.

இதுவரை பெரிய தப்பில்லை. பரிசுதானே, யாரையும் ஏமாற்றி விற்கவில்லை. தப்பு அதற்குப் பிறகுதான். இதற்குக் கிராக்கி இருப்பது தெரிந்ததும், 1850களின் கடைசியில் நாணயச்சாலை ஊழியர்களே ரகசியமாக மேலும் சில அடித்தார்கள். அதில் ஒன்று, 1857ம் வருட சுவிஸ் நாணயத்தின் மேலேயே அடித்தது! அந்தப் பழைய நாணயத்தின் தடயம் இன்னும் அதில் தெரிகிறது. இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சுமார் 27 கிராம்தான் எடை. மஸ்கட் சுல்தானின் நாணயம் என்று அறியப்படுவது 2021ல் 76.8 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சரி, அது பரிசு நாணயம். ஆனால் பின்னால் அடித்த வகையில் ஒன்றும் 2009ல் 23 லட்சம் டாலருக்குப் போனதே!

சரக்கு குறைவு, கேட்பவர் அதிகம், விலை ஏறும். முதல் வருடப் பாடம்தான். ஆனால் வெள்ளித் துண்டை நாணயமாக்குவது அதன் மேல் உள்ள அரசு முத்திரை மீதான நம்பிக்கை. அந்த முத்திரையைக் காக்க வேண்டியவர்களே திருட்டுத்தனமாகக் குத்தியதற்கு, அரிய பொருள் என்ற பெயரில் சந்தை பரிசு கொடுத்துக்கொண்டிருக்கிறது. விலை எவ்வளவு ஏறினாலும் அது திருட்டு அச்சுதான்.

தமிழில் நாணயம் என்றால் காசு மட்டுமல்ல, நேர்மையும்தான். பின்னால் அடித்த அந்த டாலர்களில் முதலாவது இருக்கிறது. இரண்டாவது இல்லை.