நர்ஸ் வேஷம் கட்டின டாக்டர்!

தெருக்கூத்துன்னா விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற ஊர்ப்பக்கம் எங்களுது. ஆனா, பொங்கல் லீவுல காரிமங்கலத்துல எங்க வீட்டுத் திண்ணையில நடந்த கூத்து வேற ரகம் பாஸ்!

நர்சிங் மூணாம் வருஷம் படிக்கிற பெரியப்பா பொண்ணு, எம்.பி.பி.எஸ். படிக்கிற என் ஸ்கூல் ஃப்ரெண்ட், பேஷன்ட்டா எங்க ஆயா. இன்ஜினீயரிங் பார்ட்டியான எனக்கு வேடிக்கை பார்க்கிற வேலை.

சீன் இதுதான். ஆயாவுக்குத் தொண்டைப் புண்ணு, காய்ச்சல். டாக்டர் 'அமாக்சிசிலின்' எழுதுறார். முன்னாடி பென்சிலின் ஊசி போட்டு முகம் வீங்கினது கேஸ் ஷீட்ல இருக்கு. ரெண்டும் ஒரே குடும்பத்து மருந்து. கொடுத்தா உயிருக்கே ஆபத்தாகலாம். நர்ஸ் அதைப் பார்த்துட்டாங்க. இப்போ என்ன சொல்லணும்?

"சார்... ஒருதடவை பார்த்துக்கிறீங்களா?"ன்னு இழுத்தாங்க அக்கா. "எழுதினதைக் கொடுங்க சிஸ்டர்"னுட்டான் பயல். அக்கா கப்சிப்! "நடிப்புதானேக்கா, இன்னொரு தடவை சொல்றது?"ன்னேன். "வார்டுலயும் எனக்கு இப்படித்தாண்டா வாய் வராது"ன்னாங்க. யாரும் சிரிக்கல.

வேஷத்தை மாத்தினோம். டாக்டர் அக்கா நிமிர்ந்தே பார்க்காம அதே டயலாக்கை விட, நர்ஸ் பயலுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. ஆயாதான், "எனக்கு அந்த மருந்து ஆகாதுடா!"ன்னு கதையை மீறிக் கத்தினாங்க.

இந்த வாய் வராத வியாதி ஆஸ்பத்திரிக்கு மட்டும் இல்லீங்க. 1977-ல டெனெரிஃப் ஏர்போர்ட்ல ரெண்டு ஜம்போ விமானம் மோதி 583 பேர் செத்தாங்க. 'ஓடுபாதையில அந்த விமானம் இன்னும் இருக்கோ?'ன்னு ஃப்ளைட் இன்ஜினீயர் கேட்ட சந்தேகத்தை கேப்டன் தட்டிவிட்டார். இன்ஜினீயர் மறுபடி கேட்கலை. அப்புறம்தான், பெரியவங்ககிட்ட எப்படி எதிர்த்துச் சொல்றதுன்னு விமான ஊழியர்களுக்குப் பாடமே வந்துச்சு. அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு 2006-ல வந்த 'டீம்ஸ்டெப்ஸ்' பயிற்சியிலும் ஒரு விதி: முதல்தடவை காதுல வாங்கலைன்னா, ரெண்டாவது தடவை கட்டாயம் சொல்லு. அதுக்கும் அசையலைன்னா மேலே போ.

நம்ம நாட்டுல 2019 பேட்ச்சிலிருந்து எம்.பி.பி.எஸ்.ஸுக்கு 'ஏட்காம்'னு ஒரு பாடம். நோயாளிகிட்ட எப்படிப் பேசணும், நெறிமுறை என்ன... எல்லாம் உண்டு. ரோல் பிளேயும் உண்டு. "ஆனா, எங்க கிளாஸ்ல நர்ஸா நடிக்கிறதும் இன்னொரு எம்.பி.பி.எஸ். பையன்தான்"ங்கிறான் ஃப்ரெண்ட். நாளைக்கு ஒரே வார்டுல நைட் டியூட்டி பார்க்கப் போறவங்களுக்கு, ஒத்திகை மட்டும் தனித்தனியா?

மூணாவது ரவுண்ட். மறுபடி அக்காவே நர்ஸ். "எழுதினதைக் கொடுங்க சிஸ்டர்." அக்கா நகரலை. "சார், இவங்களுக்குப் பென்சிலின் அலர்ஜி. இதை நான் கொடுக்க முடியாது. கேஸ் ஷீட்டைப் பாருங்க."

பயல் கை நீட்டி வாங்கினான். ஆயா அதுக்குள்ள தூங்கிட்டாங்க.