ஜனநாயகத்தின் அளவுகோல்

ஒரு கிணறு நல்ல கிணறா என்பதை மாரிகாலத்தில் எட்டிப் பார்த்து எவரும் தீர்மானிப்பதில்லை. ஆவணி மாதத்தில் அடியில் எவ்வளவு நீர் நிற்கிறது என்றே பார்க்கிறோம். ஒரு நாட்டின் ஜனநாயகத்தையும் அவ்வாறே அளத்தல் வேண்டும் என்பது என் கருத்து. தேர்தற்காலத்து ஆரவாரம் அதற்கு அளவுகோலாகாது.

நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். ஆசியாவில் சர்வஜன வாக்குரிமையை முதலிற் கண்ட நாடு இலங்கை என்று பெருமை பேசுகிறோம். அப்பெருமை பொய்யன்று. இந்திய வம்சாவளித் தொழிலாளரில் ஒரு பகுதியினரை வதிவிட விதிகள் தடுத்தனவெனினும், 1931ஆம் ஆண்டில் 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்குரிமை பெற்றனர். பிரித்தானியப் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெற்று அப்போது மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்னர் 1956, 1965, 1970, 1977 எனப் பன்முறை மக்கள் ஆண்டோரை வாக்கினாலேயே வீட்டுக்கு அனுப்பினர், 2024இலும் அனுப்பினர். இது சிறிய காரியமன்று.

ஆயினும், இவ்வளவினால் நாம் முழு ஜனநாயக நாட்டினர் ஆகிவிட்டோம் என்னும் முடிபை நான் ஏற்பதற்கில்லை. ஆட்சியை மாற்றும் ஆற்றல் பெரும்பான்மையோருக்கு உண்டு என்பதையே அது காட்டுகிறது. சிறுதொகையினரின் வாக்கு நிலைக்குமா என்பதை அது காட்டவில்லை.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டத் திருத்தம் வந்தது. தேயிலைக் கொழுந்து பறித்து நாட்டுக்குச் செல்வம் சேர்த்த இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆயினர். சிறுபான்மையோருக்குப் பாதகமான சட்டம் செய்யலாகாது என்று சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு கூறியது. அதை நம்பி வழக்குத் தொடுத்தனர். பிரஜைகள் யாவரென வகுப்பது சட்டசபையின் இயல்பான அதிகாரம் என்று 1953இல் இலண்டன் கோமறைக் கழகம் வழக்கைத் தள்ளிவிட்டது. தேர்தலில் வென்ற உறுப்பினர்கள் கையுயர்த்தினர். நீதிமன்றமும் முறைப்படி விசாரித்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஏழையின் வாக்கு மட்டும் போயிற்று. தமிழ் உறுப்பினரிலும் அச்சட்டத்தை ஆதரித்தோர் இருந்தனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. இந்த அநீதியைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறர் வாக்கு பறிபோகையில் வாளாவிருந்தோரின் வாக்கும் பின்னர் தப்பவில்லை. 1970இல் தெரிவான பாராளுமன்றம், 1972இல் புதிய யாப்பைச் செய்து தன் ஆயுளை 1977வரை நீட்டிக்கொண்டது. 1977இல் ஏறத்தாழப் பாதி வாக்குகளைப் பெற்ற கட்சி 168 ஆசனங்களில் 140ஐக் கைப்பற்றியது. 1982 டிசம்பரில் அவ்வரசு பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, அதே பாராளுமன்றத்தை மேலும் ஆறாண்டுகளுக்கு நீட்டியது. விளக்குக்கு வாக்களித்தால் நீடிப்பு; குடத்துக்கு வாக்களித்தால் தேர்தல். விளக்கு வென்றது, தேர்தல் அணைந்தது. வாக்கைக்கொண்டே வாக்கைத் தள்ளிவைத்த விந்தையை அன்று கண்டோம்.

அது பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? 2023இல் நடந்திருக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணம் இல்லை என்ற காரணத்தால் நின்றது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என 2024இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், 2025 மே மாதத்திலேயே அத்தேர்தல் நடைபெற்றது. மாகாண சபைகளுக்கோ 2014ஆம் ஆண்டின் பின் பத்தாண்டு கடந்தும் தேர்தல் நடைபெறவில்லை. மக்கள் தெரிந்தெடுத்த சபைகள் இருக்கவேண்டிய இடத்தில் ஆளுநர்கள் இருந்து ஆண்டனர்.

ஆதலால், அரசியல்வாதி நம் வாசலுக்கு வரும்போது வீதி போடுவீரா, வேலை தருவீரா என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. "உமக்கு வாக்களியாத ஒருவனின் வாக்கைப் பறிக்க ஒரு மசோதா வந்தால், உம் கை உயருமா, உயராதா?" என்றும் கேட்டல் வேண்டும். அவர் சொல்லும் மறுமொழியிலேதான் இந்நாட்டின் ஜனநாயகம் எத்துணை ஆழமுடையது என்பது தெரியவரும்.