பூ இல்லாத நாளிலும் கொன்றையைக் கண்டுபிடிக்கலாம்!

சித்திரை முதல் தேதிக்கு முந்தின நாள் கோவை பூ மார்க்கெட்டில் கொன்றைக் கொத்துக்குத் தனி கிராக்கி. மறுநாள் விடிகாலையில் மா, பலா, வாழை, வெற்றிலை, கண்ணாடி, நகையோடு அந்த மஞ்சள் கொத்தும் தாம்பாளத்தில் இருந்தால்தான் பல வீடுகளில் சித்திரைக்கனி நிறைவு பெறும். கேரளத்தின் மாநில மலரும், தாய்லாந்தின் தேசிய மலரும் இதே சரக்கொன்றைதான்.

சித்திரை, வைகாசியில் பூத்துத் தொங்கும்போது இந்த மரத்தைக் குழந்தைகூடக் காட்டிவிடும். பூ உதிர்ந்த பிறகுதான் குழப்பம். மஞ்சளாகப் பூப்பதெல்லாம் கொன்றை என்று நம்பி, வேறு நாற்றை வாங்கி வாசலில் வைத்துவிடுபவர்கள் உண்டு. அப்படி மாறிப்போகக்கூடிய மரங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, சாலையோரம் நிழல் தரும் பெருங்கொன்றை. மற்றொன்று, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த ‘சென்னா ஸ்பெக்டாபிலிஸ்’.

இலை: சரக்கொன்றையில் ஒரு காம்பின் இருபுறமும் 4 முதல் 8 ஜோடிச் சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொன்றும் அகலமாக, உள்ளங்கை நீளத்துக்கு வளரும். சென்னாவிலோ 8 முதல் 15 ஜோடிகள். விரல் நீளம்தான், ஒடுக்கமாக இருக்கும். பெருங்கொன்றையின் இலை புளிய இலைபோலப் பொடிப்பொடியானது.

பட்டை: இளம் சரக்கொன்றையின் பட்டை வழவழப்பாக, பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். வயதாக ஆகப் பழுப்பேறிச் சொரசொரப்பாகும். பட்டையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்; இலையையும் காயையும் சேர்த்துப் பாருங்கள்.

காய்: இதுதான் உறுதியான சாட்சி. சரக்கொன்றைக் காய் உருண்டையான குழல்போல ஒன்று முதல் இரண்டு அடி நீளம் தொங்கும், முற்றினால் கருப்பாகிவிடும். உடைத்தால் அறை அறையாகத் தடுப்புகள், கரிய பிசுபிசுப்பான சதை, நடுவே விதைகள். சென்னாவின் காயும் உருளைதான். ஆனால் ஒல்லி, ஓர் அடிக்கு மேல் போகாது. பெருங்கொன்றைக் காய் தட்டையாக, செம்பு நிறத்தில் இருக்கும். சரக்கொன்றைச் சதை சித்த மருத்துவத்தில் மலமிளக்கி. வைத்தியர் சொல்லாமல் அதை வாயில் வைக்கக் கூடாது.

இந்த வித்தியாசம் தெரிவது ஏன் அவசியம்? சத்தியமங்கலம், முதுமலைக் காடுகளில் சென்னா அடர்ந்து பரவி, கீழே புல்லையும் நாட்டு மரக்கன்றுகளையும் தலையெடுக்க விடுவதில்லை. புல் இல்லாவிட்டால் மானும் யானையும் மேய்ச்சலுக்கு எங்கே போகும்? வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மரம் அது. அந்நியத் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கையே வகுத்தது. காட்டில் வெட்டிய சென்னா மரங்கள், காகிதக் கூழுக்காகக் கரூர் மாவட்டத்தில் உள்ள டி.என்.பி.எல். ஆலைக்கு அனுப்பப்படுகின்றன.

சரக்கொன்றையோ நம் மலையடிவாரக் காடுகளின் சொந்தப் பிள்ளை. அதன் காயைக் கரடி தின்று, விதையைக் காட்டுக்குள் பரப்பும்.

அடுத்த முறை நர்சரியில் ‘கொன்றைங்க’ என்று ஒரு நாற்றைக் கையில் கொடுத்தால், காசு கொடுக்கும் முன் ஒரு காம்பைப் பிடித்து இலை ஜோடிகளை எண்ணுங்கள். எட்டைத் தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.