வெடிச்சத்தமும் கைநடுக்கமும்

கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தியதும், பக்கத்தில் நின்ற அக்கா அர்ச்சனைத் தட்டைக் கைவிட்டு நிலத்தில் குந்திவிட்டார். சிலர் சிரித்தார்கள். 2000ஆம் ஆண்டு, ஷெல் விழ விழ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாவகச்சேரியை விட்டு ஓடியவர் அவர்.

“எனக்கு விசரோ தங்கச்சி?” என்று பிறகு கேட்டார்.

இல்லை அக்கா. திடீர்ச் சத்தம் காதில் விழுந்தால், சிந்திக்கும் மூளையைக் கேளாமலே மூளைத்தண்டு கண்ணிமை, கழுத்து, தோள் தசைகளை இறுக்கிவிடும். ஒரு செக்கனில் பத்திலொரு பங்குகூட ஆகாது. எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் நெடுநாள் பயத்தில் வாழ்ந்தவர்களிடம், பயத்தை உணரும் மூளைப்பகுதி அந்த உதறலைப் பெருக்கிவிடுகிறது. அன்று பங்கருக்குள் பாய வைத்ததும் இதுதானே!

பாதங்களை நிலத்தில் ஊன்றி, மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். நித்திரையும் கெட்டால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள்.

வெடி கொளுத்தமுதல் ஒலிபெருக்கியில் அறிவிக்கும்படி கோயில்காரரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.