மாமாவுக்குப் புரியற மாதிரி ஒரு ப்ராஜெக்ட்

ஃபைனல் இயர் மக்களே, ஜீரோத் ரிவ்யூ நெருங்கிடுச்சு. இந்நேரம் உங்க டீம் வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர் "டைட்டில், கோட், ரிப்போர்ட் எல்லாம் சேர்த்துத் தர்றாங்களாம், ஆளுக்கு இவ்ளோ வரும்"னு ஒரு மெசேஜ் போட்டிருப்பாங்க. அதுக்கு நீங்க தம்ஸ் அப் போடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். மூணாவது வருஷ மினி ப்ராஜெக்ட் நான் காசு கொடுத்து வாங்கினதுதான். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னே தெரியாம டெமோ காட்டினேன். எக்ஸ்டர்னல் ஒரு ஒயரைத் தொட்டு, "தம்பி, இது எதுக்கு?"ன்னு கேட்டார். எனக்குத் தெரியல. அவர் திட்டல, சிரிக்கவும் இல்ல, அடுத்த டீமைக் கூப்பிட்டுட்டார். மார்க் வந்துடுச்சு. ஆனா அந்த அஞ்சு செகண்ட் மௌனம் இன்னும் போகல.

அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்ட ஒரே பெரிய பாடம், ஓமலூர்ல எங்க மாமா கடையில நடந்தது. அவர் சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்கார். ஆடி மாசம் வந்தா சுத்துப்பட்டு மாரியம்மன் கோயில் எல்லாத்துக்கும் அவர் செட்டுதான். பாட்டு போடறது அவரோட போன்ல இருந்து. சாமி பாட்டு நடுவுல போன் வந்தா, ரிங்டோன் ஊருக்கே கேக்கும். "இதுக்கு ஏதாவது பண்ணுடா மாப்ள, நீ இன்ஜினியர்தானே"ன்னார்.

என்கிட்ட ஒரு பழைய ராஸ்பெர்ரி பை 3 இருந்தது. பாட்டை அதுல ஏத்தி, 3.5 எம்எம் ஜாக்ல இருந்து மிக்சருக்கு ஒயர் போட்டேன். பாட்டு வந்தது. ரெண்டு பாட்டுக்கு நடுவுல பாக்ஸ் ஸ்பீக்கர்ல இருந்து 'உஸ்ஸ்'னு ஒரு சத்தமும் வந்தது. மாமா காதைச் சாய்ச்சுக் கேட்டுட்டு, "என்னடா இது, எண்ணெய்ச் சட்டி காயற மாதிரி இருக்கு?"ன்னார்.

நெட்ல தேடினேன். "அந்த ஜாக் அப்படித்தான், தனியா ஒரு டிஏசி போர்டு மாட்டு"ன்னு பதில் கிடைச்சது. மாமாகிட்ட, "இதுல சரியான டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர் இல்ல மாமா"ன்னு சொன்னேன். அவர் கேட்டார்: "அது என்ன பண்ணும்? கம்ப்யூட்டர்ல இருக்கறது நம்பர்தானே, நம்பர் எப்படிடா சத்தமா மாறும்?"

எனக்கு வாய் வரல. எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். டிஏசி பத்தி 13 மார்க் கேள்விக்குப் படம் போட்டு எழுதியிருக்கேன், நல்ல கிரேடு. தமிழ்ல சொல்ல வார்த்தை இல்லைன்னுதான் முதல்ல நெனச்சேன். யோசிச்சுப் பார்த்தா பிரச்சனை தமிழ் இல்ல. எனக்கே புரியல. இங்கிலீஷ் டெர்ம்ஸ் அதை மூடி மறைச்சிருந்தது, அவ்ளோதான்.

ஒரு வாரம் உக்காந்து படிச்சதுக்கு அப்புறம் மாமாகிட்ட சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். சிடி தரத்துல ஒரு பாட்டுன்னா, ஒரு காதுக்கு ஒரு செகண்டுக்கு 44,100 நம்பர். ஒவ்வொரு நம்பரும் அந்தக் கணத்துல வோல்டேஜ் எவ்ளோ உயரம் இருக்கணும்னு சொல்லுது. பை 3-ல அந்த உயரத்தை நேரடியா ஜாக்குக்குக் கொடுக்கற சர்க்யூட் இல்ல. ஆன், ஆஃப் ரெண்டுதான் தெரியும். அதனால பிடபிள்யூஎம். அடியில ஓட்டை இருக்கற ஒரு டிரம்மை நெனச்சுக்குங்க. மேல குழாயை வேகமா திறந்து மூடறோம். திறந்திருக்கற நேரம் அதிகமானா தண்ணி மட்டம் ஏறும், குறைஞ்சா இறங்கும். அந்த மட்டம்தான் நமக்கு வர்ற வோல்டேஜ். டிரம் வேலையை அங்க ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் செய்யுது. ஆனா குழாய் திறந்து மூடற அதிர்வும், போர்டோட பவர் லைன்ல இருக்கற இரைச்சலும் கொஞ்சம் கலந்துதான் வரும். பின்னாடி வந்த ஃபர்ம்வேர்ல இதை நல்லாவே மேம்படுத்தினாங்க. இருந்தாலும் வழி அதே வழிதான். 2015-ல வந்த பை ஜீரோவுல அந்த ஜாக்கே கிடையாது, 2023-ல வந்த பை 5-லயும் எடுத்துட்டாங்க.

டிஏசி போர்டு என்ன பண்ணுதுன்னா, நம்பரை நம்பராவே வாங்கிக்குது. அதுக்கு ஐ2எஸ்னு ஒரு முறை. பிலிப்ஸ் கம்பெனி 1986-ல கொண்டு வந்தது, நம்மைவிட சீனியர். மூணே ஒயர்: ஒன்னு தாளம் போடும், ஒன்னு இது எந்தக் காதுக்குன்னு சொல்லும், ஒன்னுல நம்பர் போகும். 16 பிட் ஸ்டீரியோன்னா செகண்டுக்கு 14,11,200 பிட். பையோட 40 பின்ல 12, 35, 40 இந்த மூணுக்கும். இதோட ஒரு 5 வோல்ட், ஒரு கிரவுண்ட்.

நான் வாங்கினது பிசிஎம்5102ஏ சிப் இருக்கற சின்ன போர்டு. சில நூறு ரூபாய்தான். கான்ஃபிக் ஃபைல்ல ரெண்டு வரி: பழைய ஆடியோவை அணைக்க ஒன்னு, ஹைஃபைபெர்ரி டேக் ஓவர்லேயை ஏத்த ஒன்னு. ரீபூட் பண்ணினேன். சவுண்ட் கார்டு லிஸ்ட்ல பேர் வந்தது. பாட்டு ஓடுது. சத்தம் மட்டும் இல்ல.

மூணு சாயங்காலம் அப்படியே போச்சு. ஒயரை மாத்தினேன், எஸ்டி கார்டை மாத்தினேன், போர்டு டூப்ளிகேட்னு திட்டினேன். கடைசியா டேட்டாஷீட்டைத் திறந்தேன். எக்ஸ்எஸ்எம்டினு ஒரு பின். அது லோ-வுல இருந்தா சிப் வாயை மூடிக்கும், ஹை-யில இருந்தாதான் பேசும். போர்டுக்குப் பின்னாடி அதுக்கு ஒரு குட்டி சால்டர் ஜாயிண்ட் விட்டிருக்காங்க. என் போர்டுல அது வெக்காமலே வந்திருந்தது. எஸ்சிகே பின்னையும் கிரவுண்டோட சேர்க்கணும், அப்பதான் சிப் தன்னோட கிளாக்கைத் தானே உண்டாக்கிக்கும். ரெண்டு சொட்டு ஈயம் வெச்சேன். பாட்டு வந்தது. பாட்டு நின்னதும் நிஜமாவே அமைதி. மாமா ஸ்பீக்கர் கிட்ட காதைக் கொண்டு போய் வெச்சுப் பார்த்துட்டு, "செட் ஆஃப் ஆயிடுச்சா?"ன்னு கேட்டார். எனக்குக் கிடைச்ச ஓ கிரேடு அதுதான்.

இப்ப நீங்க கேப்பீங்க: யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்னு சொருகியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமேன்னு. முடிஞ்சிருக்கும். பாட்டு மட்டும் வேணும்னா அதையே வாங்குங்க. 384 கிலோஹெர்ட்ஸ், 32 பிட்னு எழுதியிருக்கறதைப் பார்த்தும் மயங்காதீங்க. மாமாவோட குழாய் ஸ்பீக்கர்ல பழைய ஜாக்குக்கும் இந்தப் போர்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல. பாக்ஸ்லயும் ஹெட்போன்லயும்தான் தெரிஞ்சது. நான் பேசறது சத்தத்தைப் பத்தி இல்ல, அந்த மூணு சாயங்காலத்தைப் பத்தி.

அடுத்த கேள்வியும் தெரியும்: "இவ்ளோ சின்ன விஷயத்துக்குப் பேனல் மார்க் போடுமா?" நியாயமான பயம். டைட்டில்ல ஏஐ, ஐஓடி, பிளாக்செயின் மூணும் இல்லைன்னா ஒரு மாதிரி பார்க்கற பேனலும் இருக்கு. அதை மாத்த வேண்டியது அவங்க வேலை. ஆனா சின்னதா ஆரம்பிச்சாலும் அது தானா வளரும். இரைச்சலை அளந்து பார்க்கலாம், இந்தச் சிப்ல இல்லாத வால்யூம் கன்ட்ரோலை சாஃப்ட்வேர்ல எழுதலாம், நம்ம பக்கத்துக் கூத்தை விடிய விடிய ரெக்கார்ட் பண்ண எதிர்த்திசையில ஒரு ஏடிசி சேர்க்கலாம். ஒவ்வொரு படியும் உங்களுதா இருக்கும். வாங்கின பெட்டியில அடுத்த படின்னு ஒன்னு கிடையாது.

நான் கேக்கறது இதுதான். டைட்டில் முடிவு பண்றதுக்கு முன்னாடி, வீட்ல யாராவது ஒருத்தர்கிட்ட, அம்மாவோ மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணாவோ, உங்க ப்ராஜெக்ட் என்ன பண்ணுது, எப்படிப் பண்ணுதுன்னு தமிழ்ல பத்து நிமிஷம் சொல்லிப் பாருங்க. டெர்ம்ஸ் இங்கிலீஷ்ல இருந்தா பரவாயில்ல, நானும் அப்படித்தான். அவங்க திருப்பி ஒரு கேள்வி கேட்டா பதில் சொல்ல முடியுதான்னு பாருங்க. முடியலன்னா ப்ராஜெக்டைச் சின்னதாக்குங்க, முடியற வரைக்கும்.

மே மாசம் எக்ஸ்டர்னல் வருவார். ஒரு ஒயரைத் தொட்டு "இது எதுக்கு?"ன்னு கேப்பார். இந்தத் தடவை என் போர்டுல அஞ்சு ஒயர். அஞ்சுக்கும் என்கிட்ட பதில் இருக்கு.