மறைக்க அவகாசம் தராத நோய்

“அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்.” மூளையில் கட்டி என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்ததும் பல குடும்பங்களிலிருந்து முதலில் வரும் வேண்டுகோள் இதுதான். நேற்றுவரை கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவருக்குத் திடீரென வலிப்பு. மகனையும் மைத்துனரையும் தனியே அழைத்து மருத்துவர் பேசுகிறார். படுக்கையில் இருப்பவரிடம் ‘நரம்புல சின்ன வீக்கம்’ என்று சொல்லிவைக்கிறார்கள். அன்பில் பிறக்கும் பொய்தான். ஆனால், இந்த நோயில் அது குடும்பத்தையே திருப்பி அடிக்கும்.

வேறு உறுப்பில் புற்றுநோய் வந்தவர்கள் உடல் தளர்ந்தாலும், பெரும்பாலும் நெடுநாள் தெளிவாக யோசிக்க முடிகிறது. மூளைக் கட்டியோ முடிவெடுக்கும் உறுப்பிலேயே கைவைக்கிறது. மூளையின் முன்பகுதியில் வளர்ந்தால் குணமே மாறலாம்; கலகலப்பானவர் பேச்சற்று உட்கார்ந்துவிடுவார். இன்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர், சில மாதங்களில் கேள்வியையே புரிந்துகொள்ள முடியாத நிலைக்குப் போகலாம்.

எல்லாக் கட்டியும் எமன் அல்ல. மெனிஞ்சியோமா பெரும்பாலும் புற்றுநோய் வகை அல்ல; முழுமையாக அகற்றினால் பலர் பழைய வாழ்க்கைக்குத் திரும்புகிறார்கள். கிளையோபிளாஸ்டோமா கொடியது. ‘கரண்ட் வைப்பது’ என்று மக்கள் சொல்லும் கதிர்வீச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 12.1 மாதங்களைத் தாண்டினார்கள். டெமோசோலோமைடு மாத்திரையும் சேர்ந்தபோது அது 14.6 மாதங்களானது என்றது 2005இல் வெளியான ஆய்வு. பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களும் உண்டு. எந்த வகை என்பது பயாப்சிக்குப் பிறகே உறுதியாகும். வாயை மூடச் சொல்லும் குடும்பமோ அதுவரைகூடக் காத்திருப்பதில்லை.

இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. மூளை வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். ஓரிரு நாளில் தலைவலி குறையும், வாந்தி நிற்கும், எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்பார். “நல்லாத்தானே இருக்கார், எதுக்கு மண்டையைத் திறக்கணும்?” என்று ஊரிலிருந்து வந்த பெரியப்பா கேட்பார். உண்மை தெரியாத நோயாளியும் வீட்டுக்குப் போகலாம் என்பார். வடிந்தது வீக்கம்தான், கட்டி அங்கேயே இருக்கிறது. அவரிடம் மனம்விட்டுப் பேசக் கிடைத்த நல்ல நாட்கள், அவரை ஏமாற்றுவதிலேயே கழிந்துவிடுகின்றன.

சட்டமும் நோயாளியின் பக்கம்தான் நிற்கிறது. மயக்கத்தில் இருந்த பெண்ணின் கருப்பையைத் தாயின் சம்மதத்தோடு அகற்றியது செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறுதிக்கால சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018இல் ஏற்று, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. அதை எழுத மனத்தெளிவு வேண்டும். ‘பவர் எழுதி வாங்கிட்டோம்’ என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. எழுதிக் கொடுத்தவர் மனநிலை பிறழ்ந்தால் அந்த அதிகாரம் முடிந்துபோகும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவு. பிறகு நீதிமன்றம்தான் கதி. கோமாவில் கிடந்த கணவரின் சொத்தைக் கையாள ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம்வரை போய், 2024இல்தான் அனுமதி பெற முடிந்தது.

‘சொன்னால் அதிர்ச்சியிலேயே போய்விடுவார்’ என்ற பயம் புரிந்துகொள்ளக்கூடியதே. அதற்காக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டு உடைக்க வேண்டியதில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அவரையே கேட்கலாம். “என் பையன்கிட்ட சொல்லுங்க, அவன் பார்த்துப்பான்” என்றால், அதுவும் அவர் எடுத்த முடிவுதான். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு உறவினர்கள் வரிசைகட்டி வருவதைப் பார்ப்பவர் பாதியை ஏற்கெனவே ஊகித்திருப்பார்.

தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ரூ.5 லட்சம்வரை கைகொடுக்கிறது. அறுவைச் சிகிச்சைக்குக் கணக்கு வைப்பதுபோல, அதற்கு முன் நோயாளியையும் உட்கார வைத்து மருத்துவரும் ஆலோசகரும் அரை மணி நேரம் பேசுவதற்கும் திட்டத்தில் கணக்கு வைக்க வேண்டும். அது வரும்வரை குடும்பங்கள் காத்திருக்கத் தேவையில்லை. மருத்துவர் அழைக்கும்போது, “அவரையும் கூட்டிட்டு வரட்டுமா?” என்று கேட்டாலே போதும்.