கத்தியை யார் இடுப்பில் கட்டலாம்? ஸ்கண்டிநேவியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஒரு கேள்வி

2024 ஜூலை 29ஆம் திகதி இங்கிலாந்தின் சவுத்போர்ட் நகரில், நடன வகுப்பொன்றுக்கு வந்திருந்த மூன்று சிறுமிகள் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொலையாளி தனது 17 வயதில் இணையவழியாக அந்தக் கத்தியை வாங்கியிருந்தமை பின்னர் தெரியவந்தது. அடுத்த மாதம் 23ஆம் திகதி, ஜேர்மனியின் சோலிங்கன் நகர விழாவில் மூன்று பேர் அதேபோலக் கொல்லப்பட்டார்கள். சோலிங்கன் நூற்றாண்டுகளாகக் கத்தி செய்து பெயர்பெற்ற நகரம் என்பது இதிலுள்ள கசப்பான முரண்.

இதன் பின்னர் சட்டங்கள் இறுகத் தொடங்கின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'சோம்பி' பாணிக் கத்திகளை வைத்திருப்பது 2024 செப்டெம்பர் 24 முதலும், 'நிஞ்சா' வாள்களை வைத்திருப்பது 2025 ஓகஸ்ட் 1 முதலும் குற்றமாக்கப்பட்டன. ஜேர்மனியில் 2024 ஒக்டோபர் இறுதியிலிருந்து பொது விழாக்களுக்கும் நெடுந்தூர ரயில்களுக்கும் கத்தி கொண்டுசெல்வது தடை. எமது உறவுகள் பெருமளவில் வாழும் நாடுகள் இவை. எனவே இது எங்கோ நடக்கும் விவாதம் அல்ல.

இதே காலப்பகுதியில் நோர்வேயில் பாலர் பாடசாலைப் பிள்ளைகள், ஆசிரியரின் கண்காணிப்பில், காட்டில் அமர்ந்து கத்தியால் குச்சி சீவிக்கொண்டிருக்கிறார்கள். அது அங்கு செய்தியே அல்ல. ஒரே பொருள் ஓரிடத்தில் பாடப் பொருளாகவும் இன்னோரிடத்தில் தடயப் பொருளாகவும் இருப்பது எப்படி? இந்தக் கேள்வியை நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளாக நான் ஸ்கண்டிநேவியக் கத்திகளைச் சேகரிக்கிறேன். உள்ளூர்ப் பட்டறையொன்றில் அதே முறையில் சிலவற்றைச் செய்தும் பார்த்திருக்கிறேன். ஆனால், யாழ்ப்பாணத்தில் ஓர் இளைஞன் "நான் கத்தி சேகரிக்கிறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது.

கத்தியின் இலக்கணம்

உலகெங்கும் சேகரிப்பாளர்கள் 'ஸ்கண்டி' என்று சுருக்கிச் சொல்லும் தீட்டு முறை மிக எளிமையானது. எமது வீட்டுக் கத்திகளின் அலகு முதுகிலிருந்து மெல்ல மெல்ல ஒடுங்கிவந்து, கடைசியில் கூர் விளிம்பில் இன்னுமொரு சிறிய சரிவுடன் முடியும். ஸ்கண்டிநேவியக் கத்தியில் அந்த இரண்டாவது சரிவு இல்லை. அலகின் முதுகுப் பாகம் தட்டையாக, முழுத் தடிப்புடன் வரும். பின்னர் இருபுறமும் ஒரே ஒரு சரிவு நேராகக் கூர்வரை இறங்கும். 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகட்டில் ஒரு பக்கத்துக்குப் பதினொன்றரைப் பாகைக் கோணம் வைத்தால், அந்தச் சரிவின் உயரம் 7 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வரும்.

இதன் பெரிய நன்மை, தீட்டுவதற்குத் தனித் தேர்ச்சி தேவையில்லை என்பதுதான். அகலமான அந்தச் சரிவைக் கல்லில் படிய வைத்தால் கோணம் தானாகவே அமையும். காட்டில், குளிரில், கை விறைத்த நிலையிலும் ஒருவரால் தன் கத்தியைத் திரும்பக் கூராக்க முடியும். மரம் சீவும்போது அதே சரிவு வழிகாட்டியாக நின்று, அலகு மரத்துக்குள் ஆழப் பாயாமல் தடுக்கும். குறை இல்லாமலும் இல்லை. கூர் மெல்லியது, எலும்பிலோ கல்லிலோ பட்டால் வாய் உடையும். மரக்கறி வெட்டினால் தடித்த அலகு கரட்டைப் பிளக்குமே தவிர நறுக்காது. சீவுவதற்கும் செதுக்குவதற்கும் உருவான கருவி இது.

சுவீடனின் டாலர்னா மாகாணத்தில் மோரா என்ற ஊரை அண்டிய ஒஸ்ட்நோர் கிராமத்தில் 1891இல் தொடங்கிய ஒரு பட்டறையும், 1912இல் தொடங்கிய இன்னொன்றும் 2005இல் இணைந்ததே இன்றைய 'மோராக்னிவ்' நிறுவனம். நோர்வேயின் ஹொல்மெடால் கிராமத்தில் இரு சகோதரர்கள் 1932இல் ஆரம்பித்தது 'ஹெல்லே'. பின்லாந்தின் ரொவானியெமியில் 1928இல் உருவானது 'மார்ட்டீனி'. எல்லாமே தலைநகரங்களுக்கு வெகு தொலைவில், கிராமத்துக் கொல்லுப் பட்டறை மரபிலிருந்து வந்தவை.

சட்டம் எதைக் கேட்கிறது?

ஸ்கண்டிநேவியாவில் யாரும் எங்கும் கத்தியுடன் திரியலாம் என்று நினைப்பது தவறு. நோர்வேயின் தண்டனைச் சட்டம் பொது இடங்களில் கத்தி வைத்திருப்பதைத் தடை செய்கிறது. வேலை, காடு மலைகளில் நடமாடும் வாழ்க்கை போன்ற மதிக்கத்தக்க நோக்கங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மே 17 தேசிய தினத்தில் மரபு உடையுடன் அணியும் கத்தி அத்தகைய நோக்கமாகவே கொள்ளப்படுகிறது. சுவீடனில் 1988ஆம் ஆண்டுச் சட்டமும் பின்லாந்தில் 2003ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன.

பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அருகில் வைத்துப் பாருங்கள். 3 அங்குலத்துக்கு உட்பட்ட, பூட்டு இல்லாத மடிப்புக் கத்தி தவிர்ந்த எதற்கும் அங்கு 'நியாயமான காரணம்' காட்ட வேண்டும். சீக்கியர்களின் கிர்பானுக்கு மத அடிப்படையில் இடமுண்டு. தாளில் பார்த்தால் இந்த நாடுகளின் சட்டங்களுக்கிடையே பெரிய தூரமில்லை. எல்லாமே கேட்பது ஒன்றைத்தான்: உன் நோக்கம் என்ன?

தூரம் தொடங்குவது அந்தக் கேள்விக்கான பதிலை யார் சொன்னால் நம்பப்படும் என்ற இடத்தில். காளான் பறிக்கப் போகும் ஒஸ்லோவாசி ஒருவரிடம் பொலிஸார் பெரும்பாலும் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. இலண்டனில் வீதியில் நிறுத்திச் சோதிக்கப்படுபவர்களில் கறுப்பினத்தவர்களின் விகிதம் வெள்ளையினத்தவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை அந்நாட்டு அரசின் புள்ளிவிபரங்களே ஆண்டுதோறும் காட்டுகின்றன. ஒரே கத்தி, ஒரே காரணம். பதில் மட்டும் ஆளைப் பொறுத்து எடைபோடப்படுகிறது.

கவ்ஹாவா ஊரின் கதை

"அவர்கள் இயல்பிலேயே அமைதியானவர்கள், எங்கள் சனம் அப்படியல்ல" என்று சொல்பவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களுக்குப் பின்லாந்தின் தென் ஒஸ்ட்ரோபொத்னியாவைக் காட்ட விரும்புகிறேன். 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1880கள் வரை, 'புவுக்கோயுங்காரி' எனப்பட்ட கத்திச் சண்டியர்களால் அந்தப் பிரதேசம் நடுங்கியது. திருமண வீடுகளில் கொலை விழுவது வழமையாக இருந்தது. 'புவுக்கோ' என்பது பின்லாந்தியரின் இடுப்புக் கத்தி. மரம் சீவிய அதே கத்திதான் ஆளையும் வெட்டியது.

அந்த வன்முறை தணிந்தது கத்திகள் மறைந்ததால் அல்ல. சட்ட அமுலாக்கம் சீரானது, பொருளாதாரம் மாறியது, அமெரிக்காவுக்கான குடிபெயர்வும் சமய மறுமலர்ச்சி இயக்கங்களும் சமூகத்தின் போக்கைத் திருப்பின. அதே பிரதேசத்தின் கவ்ஹாவா ஊர், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பின்லாந்தின் புகழ்பெற்ற புவுக்கோத் தொழில் மையமாக எழுந்தது. சண்டித்தனத்துக்குப் பெயர்போன ஊர் கைவினைக்குப் பெயர்போன ஊராகியது. நம்பிக்கை அங்கு வானத்திலிருந்து விழவில்லை. நீதிமன்றமும் பள்ளிக்கூடமும் வருமானமும் சேர்ந்து பல பத்தாண்டுகளில் அதைக் கட்டின.

எமது பக்கம்

வடக்கில் 'வாள்வெட்டு' என்பது பத்து வருடங்களுக்கும் மேலாகச் செய்தித் தலைப்புகளில் நிரந்தர இடம்பிடித்த சொல். அந்த வன்முறை உண்மையானது. கை கால் இழந்தவர்களும் உயிரிழந்தவர்களும் இருக்கிறார்கள். அதைச் சிறுமைப்படுத்தும் நோக்கம் எனக்கில்லை. ஆனால், ஊடகக் கற்கைகள் படித்தவன் என்ற வகையில், கைதுச் செய்திகளுடன் வரும் படங்களை உற்றுப் பார்ப்பது என் பழக்கம். மேசையில் பரப்பப்பட்ட 'ஆயுதங்களில்' இரண்டு வாள் இருந்தால், அவற்றுக்குப் பக்கத்தில் காட்டுக்கத்தியும் தேங்காய் வெட்டும் கத்தியும் கிடக்கும். வன்னியில் காட்டுக்கத்தி இல்லாத வீடு ஏது? படத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் இது நாடளாவிய அளவில் நடந்தது. வாள்களையும் கத்திகளையும் ஒப்படைக்குமாறு அந்த மே மாதத் தொடக்கத்தில் பொலிஸார் பொதுமக்களைக் கேட்டார்கள். முஸ்லிம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் எடுக்கப்பட்டவை தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டன. அதே மாதம் ஹசலகவில், சட்டையில் இருந்த கப்பல் சுக்கானின் படத்தைத் தர்மச்சக்கரம் என்று கருதி ஒரு முஸ்லிம் பெண் கைதுசெய்யப்பட்டார். சட்டையின் சித்திரமே இப்படி வாசிக்கப்படும் நாட்டில் கத்தி எப்படி வாசிக்கப்படும் என்று விளக்கத் தேவையில்லை. சோதனைச்சாவடிகளினூடாக வளர்ந்த எமது தலைமுறைக்கு இது புதிதுமல்ல. பையில் இருக்கும் பற்றரிக்கும் வயர் துண்டுக்கும் காரணம் சொல்லப் பழகியவர்கள் நாங்கள்.

நான் கத்தி செய்து பழகும் பட்டறை ஒரு முதிய கொல்லருடையது. பழைய லொறியின் வில் தகட்டை உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து நீட்டி, எண்ணெயில் தோய்த்து, பின்னர் 200 பாகை செல்சியஸ் அளவில் மெல்லச் சூடாக்கி, வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்து உடையாத பதத்துக்குக் கொண்டுவருகிறோம். அரத்தால் சரிவைப் பிடிப்பதற்கு ஒரு முழுப் பின்னேரம் போகும். பனை வைரத்தில் பிடி போட்ட கத்தியொன்றை முடித்த அன்று, இதைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுறதெண்டா எழுது தம்பி, என்ர பேரை மட்டும் போட்டிடாதை. நான் கத்தி அடிக்கிறன், வாள் அடிக்கேல்லை எண்டு எத்தினை பேருக்குச் சொல்றது?" என்றார். அவருடைய பிள்ளைகள் யாரும் இந்தத் தொழிலில் இல்லை.

பள்ளிக்கூடமும் பட்டறையும்

இந்த இடத்தில் ஸ்கண்டிநேவியாவிலிருந்து நாம் கவனிக்க வேண்டிய விடயம் கத்தியைவிடப் பெரியது. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால், 1866இல் கைவினை பாடசாலைப் பாடமாகியது. சுவீடனில் 'ஸ்லொய்ட்' எனப்படும் கைவினைப் பாடம் இன்றும் ஆண் பெண் எல்லோருக்கும் கட்டாயம். அதற்கெனவே 'ஸ்லொய்ட் கத்தி' என்றொரு வகை இருக்கிறது. விவசாயியின் பிள்ளையும் வைத்தியரின் பிள்ளையும் ஒரே மேசையில் மரம் சீவினார்கள். கூரான கருவியை எப்படிப் பிடிப்பது, அடுத்தவரிடம் எப்படி நீட்டுவது, எப்போது உறையில் வைப்பது என்பதெல்லாம் ஒழுக்கமாகக் கற்பிக்கப்பட்டது.

எமது சமூகத்தில் உலை ஒரு சாதிக்கும் பாளைக்கத்தி இன்னொரு சாதிக்கும் என்று ஒதுக்கப்பட்டது. கைவேலை பிறப்போடு கட்டப்பட்டதால், படித்து முன்னேறுவது என்பதே பட்டறையை விட்டு ஓடுவதாக இருந்தது. அந்தப் பிள்ளைகள் ஓடியதில் தவறில்லை. தொழிலை இழிவாக்கியவர்கள் பதில் சொல்ல வேண்டும். இன்று கொல்லரைச் சாதியும் சந்தேகமும் இரு பக்கமாக நெருக்குகின்றன. இறக்குமதியாகும் மலிவுக் கத்தி மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது.

நோர்வேயுடன் எமக்குள்ள உறவு 2002 பெப்ரவரி 22 யுத்தநிறுத்த ஒப்பந்தத்துடன் தொடங்கியதல்ல. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் அங்கு சென்றதும், பின்னர் 'சீ-நோர்' மூலம் யாழ்ப்பாணத்தில் படகும் வலையும் செய்யும் தொழிலகங்கள் எழுந்ததும் அதற்கு வெகு முந்தியவை. 1980களில் சென்றவர்களில் பலர் வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் கத்தி பிடித்தே வாழ்க்கையைத் தொடங்கினார்கள். உறவு முதலில் கருவிகளாலும் கைகளாலும்தான் உருவானது.

அந்த நாடுகளைத் தலையில் தூக்கிவைக்கவும் வேண்டியதில்லை. அழகிய கத்தி மரபுள்ள சாமி பழங்குடி மக்களின் மொழியையும் பண்பாட்டையும் நோர்வே அரசு ஒரு நூற்றாண்டுக்கு மேல் திட்டமிட்டு ஒடுக்கியது. உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2023 ஜூன் 1ஆம் திகதி அறிக்கையளித்த பின்னர், 2024 நவம்பர் 12ஆம் திகதி நோர்வே நாடாளுமன்றம் மன்னிப்புக் கோரியது. ஆனால், ஃபோசன் காற்றாலைகள் சாமி மான் வளர்ப்பாளர்களின் உரிமையை மீறுவதாக உச்ச நீதிமன்றம் 2021 ஒக்டோபரில் தீர்ப்பளித்தும் அவை உடனடியாக அகற்றப்படவில்லை. சாமிக் கத்தியை அருங்காட்சியகத்தில் வைத்துப் பாராட்டுவது அரசுக்கு இலகு. சாமி மக்களின் நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது கடினம். ஆணைக்குழுக்களை நிறையக் கண்ட எமக்கு இது நன்றாகவே புரியும்.

எனவே, வாள்வெட்டுக்கு எதிரான நடவடிக்கை என்ற பெயரில் கொல்லுப் பட்டறைகளையும் இளைஞர்களின் பைகளையும் குடைவதால் மட்டும் எதுவும் மாறாது. வெட்டியவர் பிடிபடவும் வழக்கு இழுபடாமல் முடியவும் வேண்டும். வெட்டச் சொல்லி அனுப்பியவர் யாரென்று தெரியவும் வேண்டும். அவையெல்லாம் நடக்காதவரை, மேசையில் பரப்பிய கத்திகளின் படம் ஒரு காட்சி மட்டுமே. எமது ஊடகங்களும் வாளையும் காட்டுக்கத்தியையும் வேறுபடுத்தி எழுதப் பழக வேண்டும். அதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. வடக்கு கிழக்கின் தொழிற்பயிற்சிக் கல்வியில் கொல்லுத் தொழில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய கைவினையாக இடம்பெற வேண்டும். அதைக் கற்பிக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தமது பெயரைச் சொல்ல அஞ்சாமல் அவர்கள் அதைக் கற்பிக்கும் நிலை வரவேண்டும்.